தாராண்மைக் கல்வி யார் தயவில்?

‘கலைப்பட்டதாரி’ என்னும் சொல் நம் நாட்டில் ஏறத்தாழ ஒரு வசைச்சொல்லாகிவிட்டது. வேலையற்ற பட்டதாரிகளின் ஊர்வலம் ஒன்று கொழும்பில் புறப்பட்டால், அதில் செல்வோர் எப்பீடத்தில் படித்தவர் என்பதைச் செய்தித்தாள் எழுதாமலே வாசகர் ஊகித்துக்கொள்கின்றனர். அமைச்சர்கள் மாறுகின்றனர், ஆட்சிகளும் மாறுகின்றன. கலைப்பீடத்தைப் பற்றிய பேச்சு மட்டும் மாறுவதில்லை. சந்தைக்கு வேண்டாத சரக்கை மக்களின் வரிப்பணத்தில் உற்பத்தி செய்கிறார்கள் என்பதே அப்பேச்சின் சாரம்.

இதே நாட்டில் பணம் படைத்தோர் தம் பிள்ளைகளை அமெரிக்காவின் சிறு கல்லூரிகளுக்கு அனுப்பி வைக்கின்றனர். அங்கே அப்பிள்ளைகள் பிளேட்டோவைப் படிக்கின்றனர், ஷேக்ஸ்பியரைப் படிக்கின்றனர், கொஞ்சம் சமூகவியலும் கொஞ்சம் வானியலும் படிக்கின்றனர். அதற்கு ‘லிபரல்’ கல்வி என்று பெயர். அது தலைமைப் பண்பை வளர்ப்பதாம். பரந்த நோக்கைத் தருவதாம். அதைப் பெற்றுத் திரும்புவோரை வங்கிகளும் வர்த்தக நிறுவனங்களும் வாசலில் நின்று வரவேற்கின்றன. அதே பிளேட்டோவைப் பேராதனையில் தமிழில் படித்த தோட்டத் தொழிலாளியின் மகள்தான் சந்தைக்குப் பொருந்தாதவளாகிறாள். பிளேட்டோ ஒருவரே, படிப்பவரின் வர்க்கம் வேறு. இந்த ஓர் உண்மையை மனத்திற் கொண்டால், பல்கலைக்கழகத்தில் கலைக்கல்வியை ஆதரிப்பதாகச் சொல்லிக்கொள்ளும் நிறுவனங்களையும், அவை தரும் பணத்தையும், அப்பணத்தோடு ஒட்டிவரும் சொற்களையும் எடைபோடுவது எளிதாகிவிடும்.

இலங்கையின் கலைச்சொல் வழக்கில் இக்கல்வியைத் ‘தாராண்மைக் கல்வி’ எனலாம். ஐரோப்பிய மூலச்சொல் அடிமைச் சமுதாயத்தில் பிறந்தது. அடிமையல்லாத, உழைத்துப் பிழைக்க வேண்டிய தேவையற்ற மனிதனுக்கு உகந்த கல்வி என்பதே அதன் பழம்பொருள். உழைப்பவனுக்குத் தொழிற்பயிற்சி, ஓய்வுள்ளவனுக்குச் சிந்தனைப் பயிற்சி என்று ஏதென்சு நகரம் வகுத்த கோடு இன்னும் அழியவில்லை. தமிழ்ச்சொல் வேறு வகையானது. தாராண்மை என்பதற்குக் கொடைக்குணம் என்னும் பொருளும் உண்டு. அப்படியானால் இது யாருடைய கொடை? அக்கொடைக்கு ஈடாக என்ன கேட்கப்படுகிறது?

நாம் கட்டுகஸ்தோட்டையில் ஆசிரியத் தொழில் செய்பவர்கள். பேராதனை வளாகத்தைத் தொட்டுக்கொண்டு ஓடும் மகாவலி கங்கை கண்டி நகரைச் சுற்றி வளைந்து நம் பாலத்தின் கீழ் வருகிறது. நீர் எளிதாக வந்துசேரும் இத்தூரத்தை எதிர்த்திசையிற் கடப்பது நம் மாணவருக்கு எளிதாக இருப்பதில்லை. அக்குறணை, அலவத்துகொடை, வத்துகாமம் பக்கங்களிலிருந்தும் சுற்றியுள்ள தோட்டங்களிலிருந்தும் தமிழ்மொழி மூலம் படிக்கும் பிள்ளைகள் வருகின்றனர். சிறுவியாபாரிகளின் பிள்ளைகள், கொழுந்து பறிப்போரின் பிள்ளைகள், கொழும்புக் கடைகளில் வேலை பார்ப்போரின் பிள்ளைகள். உயர்தர வகுப்பில் இவர்களுள் பெரும்பாலோர் கலைப்பிரிவையே எடுக்கின்றனர். அது அவர்களுடைய விருப்பம் என்று கல்வி அதிகாரிகள் எழுதிவிடுகின்றனர். மலையகத்தின் சிறிய தமிழ்ப் பாடசாலைகளில் உயர்தர விஞ்ஞான, கணிதப் பிரிவுகள் பல இடங்களில் இல்லை. ஆய்வுகூடம் இருக்குமிடத்தில் ஆசிரியர் இல்லை. ஆசிரியர் இருக்குமிடத்தில் அவர் இடமாற்றத்துக்கு விண்ணப்பித்துக் காத்திருக்கிறார். ஒரு கதவு மட்டும் திறந்திருக்கும் வீட்டில் அக்கதவால் வெளியேறுவோரைப் பார்த்து, ஏன் இக்கதவைத் தேர்ந்தாய் என்று கேட்பது எவ்வளவு நியாயம்? ஆகவே கலைப்பீடத்தின் தரம் என்பது நமக்கு ஏதோ பண்பாட்டு அலங்காரப் பிரச்சினையாகத் தோன்றுவதில்லை. ஒரு வர்க்கத்தின் பிள்ளைகளுக்குக் கிடைக்கும் ஒரே உயர்கல்வி உண்மையான கல்வியா, வெறுங்கடதாசியா என்ற கேள்வி அதில் அடங்கியிருக்கிறது.

இலங்கையில் பல்கலைக்கழகம் வேண்டுமென்று கேட்ட முதல் அமைப்பு மக்கள் இயக்கமாக இருக்கவில்லை. 1906 இல் பொன்னம்பலம் அருணாசலம் முதலியோர் இலங்கைப் பல்கலைக்கழகச் சங்கத்தை அமைத்தனர். ஆனந்த குமாரசுவாமியும் அவ்வியக்கத்தில் நின்றார். அவர்கள் படித்த மேல்வகுப்பினர். ஆனால் அவர்கள் கேட்டது பெரிது. இந்நாட்டின் மொழிகளையும் கலைகளையும் வரலாற்றையும் இந்நாட்டிலேயே கற்கும் ஓர் இடம் வேண்டும் என்றனர். 1921 இல் கொழும்பில் பல்கலைக்கழகக் கல்லூரி வந்தது. எங்கே பல்கலைக்கழகத்தைக் கட்டுவது என்ற சண்டை பல ஆண்டுகள் நடந்தது. நம் பக்கத்துத் தும்பறைப் பள்ளத்தாக்கும் ஒரு காலத்தில் அதற்கெனக் கருதப்பட்டது. ஈற்றில் பேராதனை வென்றது. 1942 இல் இலங்கைப் பல்கலைக்கழகம் சட்டப்படி தோன்றியது. 1952 இல் கலைப்பீடம் கொழும்பிலிருந்து மலைக்கு ஏறி வந்தது. 1954 ஏப்ரலில் எலிசபெத் மகாராணி முன்னிலையில் எடின்பரோக் கோமகன் அதை முறைப்படி திறந்துவைத்தார். ஏற்கெனவே இயங்கிக்கொண்டிருந்த இடமாதலால், வழக்கத்தைவிட அதிகமாகத் திறந்திருப்பதாக அறிவிக்கிறேன் என்று அவர் வேடிக்கையாகச் சொன்னார் என்பர்.

அவ்வேடிக்கையில் அவர் நினையாத ஒரு கிண்டல் இருந்தது. முதல் துணைவேந்தர் சேர் ஐவர் ஜெனிங்ஸ் ஒக்ஸ்போட், கேம்பிரிட்ஜ் மரபை மனத்திற்கொண்டு கட்டிய அந்த விடுதிப் பல்கலைக்கழகம் ஆங்கிலம் அறிந்த மிகச் சிலருக்கே திறந்திருந்தது. ஹந்தானை மலையடிவாரத்தில், சேர்லி டி அல்விஸ் வரைந்த அழகிய கூரைகளின் கீழ், விடுதி மேசையில் விரிப்பும் முள்ளுக்கரண்டியும் இருந்த காலம் அது. ஜெனிங்ஸ் தம் நினைவுகளை எழுதிய நூல், அவர் மறைந்து நெடுங்காலத்தின் பின் ‘பேராதனைக்குச் செல்லும் பாதை’ என்ற பொருள்தரும் தலைப்பில் வெளிவந்தது. அந்தப் பாதை யார் நடக்கப் போடப்பட்டது என்பதே நமக்கு எழும் கேள்வி. எனினும் ஒன்றை மறுப்பதற்கில்லை. மாணவன் ஓர் இடத்தில் தங்கி, வேறு துறை மாணவனோடு உண்டு, விவாதித்து, நாடகம் ஆடி, நூலகத்தில் இரவு கழித்துத்தான் கற்கிறான் என்ற கொள்கை சரியானது. அக்கொள்கையைச் சிலருக்கு மட்டும் உரியதாக்கியதே குறை.

கன்னங்கராவின் இலவசக் கல்வித் திட்டம் 1945 அக்டோபர் முதல் நடைமுறைக்கு வந்தது. பாலர் வகுப்பிலிருந்து பல்கலைக்கழகம் வரை கட்டணமில்லை என்பது ஆசியாவில் அன்று அரிதான சாதனை. 1960 முதல் சிங்களத்திலும் தமிழிலும் படித்த மாணவர் கலைப்பீடத்தில் நுழைந்தனர். கிராமம் பேராதனைக்கு வந்தது. ஜெனிங்ஸ் கட்டிய கதவை மக்கள் தோள்கொடுத்துத் திறந்தனர் எனலாம்.

தமிழ்க் கல்வியுலகம் பெருமையோடு நினைவுகூரும் பேராதனைக் காலமும் இதுவே. அந்தப் பெருமையை நாம் சற்று நின்று பார்க்க வேண்டும். ஏனெனில் கலைக்கல்வி உண்மையில் எதனால் வளர்ந்தது என்பதற்கு அக்காலம் சாட்சி சொல்கிறது.

முதல் தமிழ்ப் பேராசிரியர் சுவாமி விபுலாநந்தர் 1943 இல் பொறுப்பேற்றார். அவரது வாழ்நாள் உழைப்பாகிய யாழ்நூல் 1947 இல் வெளிவந்தது. அதை வெளியிட்டது இலங்கைப் பல்கலைக்கழகம் அன்று. தஞ்சையைச் சேர்ந்த கரந்தைத் தமிழ்ச் சங்கம். ஊர்மக்கள் சந்தாவிலும் கொடையிலும் நடந்த ஒரு சங்கம், இசையும் கணிதமும் இலக்கியமும் ஒன்றுகூடும் நூலொன்றை உலகுக்குத் தந்தது. தாராண்மைக் கல்விக்கு இதைவிடத் தக்க உதாரணம் தேட வேண்டியதில்லை.

அடுத்துவந்த பேராசிரியர் கணபதிப்பிள்ளையின் நாடகங்களைப் பல்கலைக்கழகத் தமிழ்ச் சங்க மாணவர் மேடையேற்றினர். அச்சங்கத்தின் ஆண்டிதழாகிய ‘இளங்கதிர்’ மாணவரின் முதற் கட்டுரைகளுக்கும் முதற் கவிதைகளுக்கும் இடங்கொடுத்தது. 1960களில் மாணவர் எழுதிய சிறுகதைகள் ‘கதைப்பூங்கா’, ‘விண்ணும் மண்ணும்’ முதலிய தொகுதிகளாக வந்தன. 1956 இல் சரச்சந்திரவின் ‘மனமே’ சிங்கள நாட்டார் அரங்கை நவீன நாடகமாக உயர்த்திக் காட்டியது. அதே வளாகத்தில் பேராசிரியர் வித்தியானந்தன் மட்டக்களப்புக் கூத்தை மாணவரிடம் கொண்டுவந்தார். 1962 இல் ‘கர்ணன் போர்’ மேடையேறியது. ‘நொண்டி நாடகம்’, ‘இராவணேசன்’, ‘வாலிவதை’ என்பன தொடர்ந்தன. படிப்பறிவு குறைந்தவர் என்று நகரத்தார் எண்ணியிருந்த அண்ணாவிமார் பட்டப்படிப்பு மாணவருக்கு ஆசிரியராயினர். விடிய விடியப் பழகி, மத்தளத்தோடு காலும் காலோடு பாட்டும் சேரும்வரை மாணவர் உழைத்தனர். இன்றைய திட்ட அறிக்கைகளில் ‘மென்திறன்’ என்ற தலைப்பின் கீழ் இரண்டு நாள் பட்டறையில் ஊட்ட முனைவதெல்லாம் அந்த ஒத்திகைகளில் இருந்தன; அதற்கு மேலும் இருந்தன. எந்த வங்கியும் அவற்றை அளந்து பார்க்கவில்லை.

கைலாசபதியும் சிவத்தம்பியும் இச்சூழலில் உருவானவர்கள்; இருவரும் பின்னர் பேர்மிங்காமில் ஜோர்ஜ் தொம்சனிடம் ஆய்வு செய்தவர்கள். கிரேக்கக் காவியத்தையும் சங்கப் பாடலையும் ஒருசேரப் பார்க்கும் துணிவு, பேராதனையில் மேலைச் செம்மொழிகளும் தமிழும் சிங்களமும் மெய்யியலும் ஒரே கூரையின் கீழ் கற்பிக்கப்பட்டதால் வளர்ந்த துணிவு என்று நாம் கருதுகிறோம். நூலகத்தின் பங்கும் சிறியதன்று. நாட்டில் அச்சாகும் நூல்களின் பிரதியைச் சட்டப்படி பெறும் நூலகங்களுள் பேராதனை நூலகமும் ஒன்று. அங்கு நூலகராயிருந்த இயன் குணதிலக்க தொகுத்த இலங்கை நூற்றொகை ஐந்து பெருந்தொகுதிகளாக விரிந்தது. ஒரு நூலகர் தம் கடமைக்கு அப்பாற் செய்த அவ்வுழைப்பு, ஆய்வாளர் பல தலைமுறையினருக்கு அடித்தளமாயிற்று.

இனிக் குறையைச் சொல்வோம். பேராதனையின் பொற்காலம் என்று நாம் எழுதும்போதெல்லாம் ஒரு கூட்டத்தை விட்டுவிட்டு எழுதுகிறோம். அக்காலத் தமிழ் மாணவரிற் பெரும்பாலோர் யாழ்ப்பாணத்திலிருந்தும் கிழக்கிலிருந்தும் வந்தவர்கள். வளாகத்தின் ஜன்னலிலிருந்து பார்த்தால் தெரியும் தேயிலை மலைகளின் பிள்ளைகள் அங்கே விரல்விட்டு எண்ணக்கூடியவர்களாகவே இருந்தனர். 1948 குடியுரிமைச் சட்டம் அவர்களின் பெற்றோரை நாடற்றவராக்கியிருந்தது. இலவசக் கல்வியின் மத்திய கல்லூரிகள் அவர்களை எட்டவில்லை. தோட்டப் பாடசாலை என்ற பெயரில் ஓர் ஒற்றை அறையும் ஒரு வாத்தியாரும் இருந்தனர். அரசு அப்பாடசாலைகளைப் பொறுப்பேற்கத் தொடங்கியது 1970களின் பிற்பகுதியில்தான். கர்ணனின் பிறப்பால் வந்த இழிவை மேடையிற் பாடிக்கொண்டிருந்தபோது, ஹந்தானைத் தோட்டத்து லயத்தில் பிறந்த பிள்ளை வளாகத்துக்கு வெளியே நின்றது. நம் விமரிசகர்கள் இதைப் போதுமான அளவு எழுதவில்லை என்றே சொல்ல வேண்டும்.

பிற்காலத்தில் அந்தப் பிள்ளை உள்ளே வந்தபோது, உள்ளே என்ன மிஞ்சியிருந்தது? இங்கேதான் புத்தகப் பிரச்சினை வருகிறது.

1960 இல் தாய்மொழி மூலம் கலைப்பீடத்தைத் திறந்த அரசு, அதற்கு முன்னும் பின்னுமாக ஓர் அரிய வேலையையும் செய்தது. அரசகரும மொழித் திணைக்களம் உயர்கல்விக்குரிய ஆங்கில நூல்களைச் சிங்களத்திலும் தமிழிலும் பெயர்த்து வெளியிட்டது. ஏ. எல். பசாம் எழுதிய இந்திய நாகரிக வரலாறு ஆங்கிலத்தில் 1954 இல் வெளிவந்த நூல். ‘வியத்தகு இந்தியா’ என்ற பெயரில் 1963 இல் தமிழாகிவிட்டது. ஒன்பதே ஆண்டுகள்! வெளியிட்டது தமிழ்நாட்டின் பதிப்பகம் எதுவுமன்று. நம் நாட்டின் அரச திணைக்களம். வரலாறு, புவியியல், பொருளியல், விஞ்ஞானம் என்று கலைச்சொற்றொகுதிகளும் உடன் வந்தன. அந்நூல்களின் மொழிநடை கடினமானது, சில இடங்களில் கல்லைக் கடிப்பது போன்றது என்பதையும் சொல்லத்தான் வேண்டும். ஆயினும் ஒரு தமிழ் மாணவன் தன் மொழியில் உலக அறிவைக் கற்க உரிமையுடையவன் என்று ஓர் அரசு பணம் செலவிட்டு ஒப்புக்கொண்ட ஆவணங்கள் அவை.

அவ்வேகம் நீடிக்கவில்லை. மாணவர் தொகை பெருகியது; நூற்றொகை பெருகவில்லை. விரிவுரையாளர் சொல்லச் சொல்ல எழுதிக்கொள்ளும் குறிப்பு, புத்தகத்தின் இடத்தைப் பிடித்தது. ஓராண்டின் குறிப்பு மறு ஆண்டுக்குக் கைமாறி, நிழற்படப் பிரதியாகி, எழுத்து மங்கி, ஈற்றில் பரீட்சை விடைத்தாளில் அதே வரிசையில் திரும்ப வந்தது. பல நூல்களைப் படித்து ஒன்றோடொன்று மோதவிட்டுப் பார்ப்பதே கலைக்கல்வியின் உயிர். ஒரே குறிப்பைப் படிப்பவனிடம் அதை எதிர்பார்க்க முடியுமா? சிந்திக்கத் தெரியாத பட்டதாரி என்று இன்று பழிக்கிறார்களே, அவனைச் சிந்திக்கவிடாத வறுமை இந்தப் புத்தகப் பஞ்சத்திலே தொடங்கியது. தமிழ்மொழி மூலம் எல்லாத் துறைகளும் கற்பிக்கப்படுவதுமில்லை. விரிவுரையாளர் இல்லாத துறையைத் தமிழ் மாணவி ஆங்கிலத்திற் படிக்க வேண்டும். அல்லது ஆசையை விட்டுவிட வேண்டும்.

அரசியல் வரலாற்றை இங்கு விரிக்க வேண்டியதில்லை, வாசகர் அறிவர். 1971 இளைஞர் கிளர்ச்சிக்குப் பின் வேலையின்மைக்குக் காரணம் கலைக்கல்வியே என்ற வாதம் வலுப்பெற்றது. 1972 இல் பல்கலைக்கழகங்கள் ஒரே நிறுவனமாக இணைக்கப்பட்டன. 1978 சட்டம் அவற்றை மீண்டும் பிரித்துப் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் கீழ் வைத்தது. தரப்படுத்தல் தமிழ் மாணவர் மனத்தில் ஆறாத வடுவாயிற்று. 1981 இல் யாழ்ப்பாண நூலகம் எரிந்தது. 1983 மே மாதம் பேராதனை வளாகத்திலேயே தமிழ் மாணவர் தாக்கப்பட்டனர். சரச்சந்திரவும் வித்தியானந்தனும் ஒரே மலையடியில் நாடகம் படைத்த இடத்தில் இது நடந்தது என்பதை மறந்துவிட்டு, பல்லினப் பண்பாட்டு மையம் என்று பேராதனையைப் பாராட்டுவது வெறும் சம்பிரதாயம்.

பின்னர் உலக வங்கி வந்தது. 2003 இல் பட்டப்படிப்பின் ‘பொருத்தப்பாட்டையும் தரத்தையும்’ உயர்த்தும் திட்டம். 2010 இல் ‘இருபத்தோராம் நூற்றாண்டுக்கான உயர்கல்வி’. 2017 இல் உயர்கல்வியை ‘விரைந்து விரிவாக்கும்’ திட்டம், 10 கோடி டாலர். இத்திட்டங்கள் ஒன்றுமே தரவில்லை என்று கூறுவது நேர்மையாகாது. கணினிக்கூடங்கள் வந்தன, ஆங்கில வகுப்புகள் வந்தன, இளம் விரிவுரையாளர் பலருக்கு மேற்படிப்பு வாய்ப்புக் கிடைத்தது. கலைப்பீடங்களுக்கும் பங்கு உண்டு. ஆனால் விமரிசகனின் வேலை சொற்களைப் படிப்பது. அச்சொற்களைப் படிப்போம்.

‘பொருத்தப்பாடு’ என்கிறார்கள். எதற்குப் பொருத்தம்? ஒரு செருப்பு காலுக்குப் பொருந்தலாம். காலைச் செருப்புக்குப் பொருத்த முனைவது வேறு காரியம். ‘தொழில் தகைமை’ என்கிறார்கள். வேலை இல்லாமை என்பது பொருளாதாரத்தின் குறை. அதைப் பட்டதாரியின் உடம்பிலுள்ள ஒரு குறையாக மாற்றிவிடும் சாமர்த்தியம் இச்சொல்லில் இருக்கிறது. தேயிலையையும் தைத்த ஆடையையும் வீட்டுப் பணிப்பெண்ணையும் ஏற்றுமதி செய்து நிற்கும் பொருளாதாரம் மெய்யியல் படித்தவளுக்கு மட்டுமா வேலை தரவில்லை? ‘சமூக, உணர்வுத் திறன்கள்’ என்கிறார்கள். மேலதிகாரியிடம் பணிவாகப் பேசுவது, நேர்முகப் பரீட்சையில் நிமிர்ந்து உட்காருவது, கழுத்துப்பட்டி கட்டுவது என்று இவை பட்டறைகளில் இறங்கி வருவதை நம் பழைய மாணவர் சிரித்துக்கொண்டே சொல்கின்றனர். நிலவும் சமுதாயத்தை ஏன் என்று கேட்கும் திறன் இப்பட்டியலில் எங்கும் இல்லை. கலைக்கல்வியைக் காப்பாற்ற வந்த பணம், கலைக்கல்வியை நோயாளியாக அறிவித்த பின்னரே மருந்துக்கடையைத் திறந்தது. மருந்தின் விலையை வட்டியோடு கொடுப்பவர், கூப்பன் கடையில் வரிசையில் நின்ற அதே மக்கள்.

அரசும் கடனும் வேண்டாம், தனியார் கொடையாளர் வரட்டும் என்போர் உளர். அண்டை நாட்டைப் பார்க்கலாம். செல்வந்தர் பலர் சேர்ந்து அமைத்த அசோகா பல்கலைக்கழகம் 2014 இல் ஹரியானாவில் தொடங்கியது. தாராண்மைக் கல்வியே தன் குறிக்கோள் என்றது. நல்ல ஆசிரியரையும் சேர்த்தது. 2021 மார்ச்சில் அரசை விமரிசித்து எழுதிவந்த பேராசிரியர் பிரதாப் பானு மேத்தா அதிலிருந்து விலகினார். தம் தொடர்பு நிறுவனத்துக்கு அரசியற் சுமையாகக் கருதப்படுவதைக் காரணமாகக் கூறினார். சிங்கப்பூரில் யேல் பல்கலைக்கழகத்தோடு சேர்ந்து 2011 இல் நிறுவப்பட்ட தாராண்மைக் கலைக்கல்லூரி, 2021 இல் மேலிடத்து அறிவிப்பு ஒன்றால் முடிவுகட்டப்பட்டு 2025 இல் மூடப்பட்டது. மாணவரையும் ஆசிரியரையும் முன்கூட்டிக் கேட்கவில்லை. புரவலன் மனம் மாறினால் புலவன் வேறு வாசல் தேட வேண்டும் என்பது நம் பழைய இலக்கியம் அறிந்த செய்திதான்.

ஆகவே, உள்ளேயிருந்து எழுந்த ஆதரவுகளையே நாம் அதிகம் மதிக்கிறோம். 2012 ஜூலையில் பல்கலைக்கழக ஆசிரியர் சங்கங்களின் சம்மேளனம் தொடங்கிய வேலைநிறுத்தம் ஏறத்தாழ நூறு நாள் நடந்தது. சம்பளக் கோரிக்கையோடு நின்றுவிடாமல், மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 6 சதவீதத்தைக் கல்விக்கு ஒதுக்கு என்ற முழக்கத்தை அது தெருவுக்குக் கொண்டுவந்தது. காலியிலிருந்து கொழும்புக்கு ஆசிரியர்கள் நடந்தே வந்தனர். அன்று அரசின் கல்விச் செலவு 2 சதவீதத்தையே எட்டாதிருந்தது. வேலைநிறுத்தம் முடிந்தது, 6 சதவீதம் வரவில்லை. 2022 மார்ச்சில் காகிதம் இல்லாமல் மேல் மாகாணத் தவணைப் பரீட்சைகளை ஒத்திவைக்கும் நிலைக்கு நாடு வந்தது. எனினும், கல்விக்கான பணம் கொடையாகவும் கடனாகவும் வருவதன்று, உரிமையாக வருவது என்று பேராசிரியர்கள் தெருவில் நின்று சொன்ன அனுபவம் வீண்போகவில்லை.

பல்கலைக்கழக ஆசிரியர் சிலர் சேர்ந்து ‘குப்பி’ என்ற பெயரில் அண்மை ஆண்டுகளில் ஆங்கில நாளிதழொன்றில் கட்டுரைத்தொடர் எழுதி வந்தனர். குப்பி என்பது மாணவர் வழக்கு. பரீட்சைக்கு முன் ஒரு மாணவன் மற்றவர்களுக்கு நடத்தும் வகுப்பு. குப்பி விளக்கின் பெயரால் வந்தது என்பர். சிங்களத்திலும் தமிழிலும் ஒன்றாக வழங்கும் சொல். இலவசக் கல்வியைப் பற்றியும் கலைப்பீடங்களைப் பற்றியும் அவர்கள் எழுதியவற்றில் நேர்மையும் கூர்மையும் உண்டு. ஆனால் குப்பி விளக்கின் வெளிச்சம் ஆங்கிலம் தெரிந்த வீடுகளிலேயே அதிகம் விழுகிறது. அக்கட்டுரைகள் யாரைப் பற்றி எழுதப்பட்டனவோ அவர்கள் கையில் அவை சேர்வதில்லை. இதை நண்பர்களின் குறையாகவே சொல்கிறோம்.

இன்னும் சில நிறுவனங்கள் உள்ளன. கண்டியில் பாதிரியார் போல் கஸ்பர்ஸ் 1972 இல் தொடங்கிய சத்தியோதயம், தோட்ட மக்களின் வாழ்வைச் சிங்களவரும் தமிழரும் சேர்ந்து ஆராயும் இடமாயிற்று. 1977 இல் தோன்றிய சமூக விஞ்ஞானிகள் சங்கம் மும்மொழியிலும் நூல் வெளியிட்டது. தமிழில் ‘பிரவாதம்’ என்ற இதழை நடத்தியது. பெண்கள் கல்வி ஆய்வு நிறுவனம் ‘நிவேதினி’யைத் தந்தது. 1982 இல் அமைந்த இனத்துவக் கற்கைகளுக்கான சர்வதேச நிலையத்துக்குக் கண்டியிலும் ஓர் இல்லம் இருந்தது. பல்கலைக்கழகம் பேசத் தயங்கிய காலத்தில் இவை பேசின. வெளிநாட்டு நிதி வந்தபோது இதழ்கள் வந்தன. நிதி வற்றியபோது இதழ்களும் மெலிந்தன. இந்நிலையில் 2005 இல் தொடங்கிய நூலகம் நிறுவனத்தைத் தனியாகச் சொல்ல வேண்டும். தன்னார்வலர் உழைப்பாலும் சிறு நன்கொடைகளாலும் ஈழத்துத் தமிழ் நூல்களையும் இதழ்களையும் எண்ணிம வடிவில் எவரும் இலவசமாகப் படிக்க அது வைத்திருக்கிறது. எரிந்த நூலகத்துக்குச் சாம்பலிலிருந்து சொல்லப்பட்ட மறுமொழி அது. திணைக்களம் அன்று வெளியிட்ட நூல்கள் பலவும் அங்கே கிடைக்கின்றன.

நாம் கேட்பது பெரிய காரியமன்று. கலைப்பீடம் உள்ள பல்கலைக்கழகங்கள் சேர்ந்து ஒரு தமிழ் நூலாக்கப் பிரிவை நிரந்தரமாக நடத்த வேண்டும். அதற்குச் சம்பளம் பெறும் மொழிபெயர்ப்பாளரும் பதிப்பாசிரியரும் வேண்டும். விரிவுரையாளர் ஒருவர் நல்ல நூலொன்றைத் தமிழாக்கினால், வெளிநாட்டு ஆங்கில ஏட்டில் வந்த கட்டுரைக்குக் கொடுக்கும் மதிப்பைப் பதவியுயர்வில் அதற்கும் கொடுக்க வேண்டும். இன்று அது நேரத்தை வீணாக்குவதாக எண்ணப்படுகிறது. ஆசிரியர் சங்கங்கள் 6 சதவீதத்தோடு இதையும் தம் கோரிக்கையில் எழுதிக்கொள்ளட்டும். மகாபொல உதவித்தொகையை 5000 ரூபாவிலிருந்து 7500 ரூபாவாக உயர்த்த 2025 வரவுசெலவுத் திட்டம் முன்வந்தது, நல்லது. அறைவாடகையும் சாப்பாடும் போக அதில் மிஞ்சுவது நிழற்படப் பிரதிக்குப் போகிறது. பிரதி எடுக்க ஏதேனும் தமிழில் இருந்தால்தானே!

நம்மிடம் படித்துப் பேராதனைக் கலைப்பீடம் சென்ற மாணவி ஒருத்தி அண்மையில் ஒரு பயிற்சிக் கொப்பியைக் கொண்டுவந்து காட்டினாள். மெய்யியல் நூலொன்றின் ஓர் அதிகாரத்தை அவளும் விடுதித் தோழியர் மூவரும் பங்கிட்டுத் தமிழாக்கியிருந்தனர். நான்கு கையெழுத்துகள். சில வாக்கியங்கள் தடுமாறுகின்றன. சில வாக்கியங்கள் மிக நன்றாக இருக்கின்றன. கலைச்சொற்களை எங்கே பிடித்தீர்கள் என்று கேட்டோம். அறுபதாம் ஆண்டுகளில் திணைக்களம் வெளியிட்ட தொகுதியைக் கைத்தொலைபேசியில் இறக்கி வைத்திருப்பதாகச் சொன்னாள். கொப்பியின் கடைசிப் பக்கத்தில் அடுத்த அதிகாரத்தின் பக்க எண்களும், அவற்றின் எதிரே பெயர்களும் எழுதப்பட்டிருந்தன. இரண்டு எண்களுக்கு எதிரே இன்னும் பெயர் இல்லை.